இளையராஜா வந்தால் கம்ப்யூட்டர் அழும்!

செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க. ஏசி நடுக்கும். கனமான கதவைச் சாத்தியதும் காது அடைத்த மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறதா? தும்மல் வந்தாலும் விழுங்கிடுங்க! கோவை எஃப்எம்களில் சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ரேடியோ சிட்டி 91.1, ஹலோ 106.4 என்று எத்தனை எண் திருப்பினாலும், அதற்குப் பின்னால் இருப்பது ஏறக்குறைய இப்படி ஒரு குளிர் அறைதான்.

ஒரு ரகசியம். "உங்களுக்காகவே தேடிப் பிடிச்ச பாட்டு" என்று ஆர்ஜே கொஞ்சுகிறாரே, பெரும்பாலும் அதை அவர் தேடவே இல்லை. பட்டியல் முன்கூட்டியே தயார். ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்து, இங்கே புதுப்பாட்டு, இங்கே விளம்பரம், இங்கே தொண்ணூறுகள் என்று கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். பெயர் 'க்ளாக்'. ஜி-செலக்டர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் அந்த வட்டத்தில் பாட்டுகளை நிரப்பித் தரும். ஒரு நிலையம் தன் பாட்டு ரகத்தையே மாற்றும் 'ஃபார்மட் மாற்றம்' என்றால் இந்த வட்டத்தை அழித்து மறுபடி வரைவதுதான்.

அப்போது நடக்கும் கூத்து இருக்கிறதே! "இனி எண்பதுகள்தான் நம்ம ஏரியா" என்று மேலிடம் சொல்லிவிட்டது என்று வையுங்கள். சாஃப்ட்வேருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரே இசையமைப்பாளர் அடுத்தடுத்து வரக்கூடாது, ஒரே பாடகரும் வரக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு மூட்டையை அவிழ்த்தால்? இளையராஜா, இளையராஜா, மறுபடியும் இளையராஜா. பாடியவர் எஸ்.பி.பி., அடுத்ததும் எஸ்.பி.பி. பாவம், இந்த ஊர்க் கதை அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இடத்தைக் காலியாக விட்டு "முடியாது" என்று அழும். மியூசிக் மேனேஜர் விதியைத் தளர்த்தி, சங்கர்-கணேஷையும் டி.ராஜேந்தரையும் நடுவில் செருகி, ஜேசுதாஸைக் கூப்பிட்டு ஒருவழியாகச் சமாதானம் செய்வார். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியவர் ஒரு மென்பொருளை இந்தப் பாடு படுத்துவார் என்று யார் கண்டது!

சரி, மாற்றம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? 1992-ல் லாஸ் ஏஞ்சலஸில் கேஎல்ஏஎக்ஸ் என்ற ஸ்பானிஷ் நிலையம், நவீனப் பாட்டை விட்டு மெக்சிகோ நாட்டுப்புற இசைக்குத் தாவியது. சில மாதங்களில் ஆங்கில நிலையங்களையும் தாண்டி ஊரிலேயே முதலிடம். அங்கே அதைச் சொல்லக் கணக்கெடுப்பு இருந்தது. நம் நாட்டு 'ரேம்' கணக்கெடுப்போ மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தாவோடு நின்றுவிட்டது. ஆகவே கோவையில் காதுதான் மீட்டர். காந்திபுரம் பேக்கரியில் எது ஓடுகிறது, ஆட்டோக்காரர் எதில் நிறுத்தியிருக்கிறார், கிராஸ்கட் ரோடு ஜவுளிக்கடை யாருக்கு விளம்பரம் தருகிறது, இவைதான் தீர்ப்பு. எனக்கென்னவோ இந்த முறைதான் நம்பகமாகப் படுகிறது.

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. எல்லாருக்கும் இருப்பது ஒரே சினிமாப் பாட்டுக் கிடங்கு. அப்புறம் எதில்தான் வித்தியாசம் காட்டுவது? வாயில்தான்! அரசின் மூன்றாம் கட்ட எஃப்எம் விதிகள் வந்த பிறகு ஒரு நிறுவனம் தன் நிகழ்ச்சியைத் தன் நிலையங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். சென்னையில் பேசியதை இங்கே ஓட்டலாம். ஓட்டிப் பாருங்களேன்! "ஏனுங்க" என்று இழுக்காத குரலைப் பொள்ளாச்சிக்காரர் மூன்றாவது வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாம் சரி, ஒரே ஒரு குறை எனக்கு. கோவையிலேயே பாட்டு பிறந்த காலம் உண்டு. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று படம் எடுத்த ஊர் இது. 1954-ல் பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். குரலைப் பொருத்தி வைத்தது. இன்றைய வட்டத்தில் அதற்கு எங்கே இடம் என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே, 1966-லிருந்து ஊரை எழுப்பிக்கொண்டிருக்கும் அரசு வானொலி நிலையம் இருக்கிற திருச்சி ரோடு பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள்.