புயலை ஊகிக்கும் விளையாட்டு

விடையை மறைத்து வைத்துக்கொண்டு பிறரை ஊகிக்கச் செய்வதில் மனிதனுக்கு என்றுமே ஓர் இன்பம் உண்டு. நம் முன்னோர் அதனை விடுகதை என்றனர்; இன்றைய பாடசாலைகளில் அது பொது அறிவுப் போட்டியாக உருமாறியிருக்கிறது. நோர்வூட்டில் என்னிடம் பயிலும் மாணவரோடு நான் ஆடிவரும் அத்தகைய விளையாட்டு ஒன்றின் பொருள், புயல். மழை வலுத்து, கெசல்கமு ஓயா கலங்கிப் பெருகும் மாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு வேறில்லை. அவ்வினாக்களுள் சிலவற்றை வாசகர் முன்னும் வைக்கிறேன்.

முதல் வினா: சரித்திரத்தில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்த சுழல்காற்று எந்நாட்டில் வீசியது?

இங்கே சுழல்காற்று என்பது மேனாட்டார் 'டொர்னாடோ' என வழங்குவது. கடலிற் பிறந்து நாட்கணக்கில் நகரும் புயல் வேறு. இடிமேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கைபோல் இறங்கி, குறுகிய வழியே அனைத்தையும் வாரிச் செல்லும் இது வேறு. வினாவைக் கேட்டதும், "அமெரிக்கா!" என்பர் மாணவர். காரணம் இல்லாமல் இல்லை. 1925 மார்ச் 18இல் மிசூரி, இலினோய், இந்தியானா மாநிலங்களூடே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் ஓடிய ஒரே சுழல்காற்று 695 பேரைப் பலிகொண்டது. 1974 ஏப்ரல் 3, 4ஆம் நாட்களில் 148 சுழல்காற்றுகள் அந்நாட்டை அலைக்கழித்தன. ஆயினும் சரியான விடை வங்காளதேசம். 1989 ஏப்ரல் 26இல் தௌலத்பூர், சாதூரியா பகுதிகளில் வீசிய சுழல்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். நெருங்கிய குடியிருப்பும், தகரமும் மண்ணுமான மெலிந்த வீடுகளும் காற்றின் கொடுமையைப் பன்மடங்காக்கின.

இரண்டாம் வினா: 'சைக்கிளோன்' என்ற ஆங்கிலச் சொல் எந்நகரில் உருவானது?

இலண்டன் என்போர் பலர். கல்கத்தா என்பதே விடை. அங்கு வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் வங்கக்கடற் புயல்களை ஆராய்ந்து, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் இப்பெயரைப் படைத்தார்.

மூன்றாம் வினா: மலையகத் தமிழரின் பயணப் பாதையையே மாற்றிய புயல் எது?

இதற்கு மட்டும் சிறிது நேரம் அமைதி நிலவும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலே அது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் நடந்துவந்த கப்பற் போக்குவரத்தும் அத்துடன் முடிந்தது. தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் பலர் வந்த வழி அது. அவ்வாண்டு அக்டோபர் 30இல்தான் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாகியிருந்தது. பின்னர் அவ்வாறு அனுப்பப்பட்டோர் இராமேசுவரத்திற் கரையிறங்கினர். வந்த துறை அழிந்துபோக, வேறொரு துறைக்குத் திரும்பிய மக்கள்! சரித்திரம் சில வேளைகளில் கதையாசிரியரையும் விஞ்சிவிடுகிறது.

மாணவர் இவ்விளையாட்டில் வல்லவராகிவிட்டனர். மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் எப்போது என்றால், "1978 நவம்பர் 23" என்பார்கள். ஆண்டும் எண்ணும் நாவின் நுனியில் நிற்கின்றன. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்த பின்னர், எண்ணை மட்டும் கேட்கும் வினா எனக்குப் போதவில்லை. இலங்கை முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் பலரைக் கொன்றது காற்றன்று, மண்.

மலை புயற்காற்றைத் தளர்த்துகிறது. ஆனால் ஈரக்காற்றை மேலே தள்ளி மழையாகக் கொட்டச் செய்வதும் அதே மலைதான். நீர் உட்புகப் புகச் சரிவின் பாரம் கூடுகிறது. மண் துகள்களிடையே நீரின் அழுத்தம் பெருகி, அவற்றின் பிடிப்புத் தளர்கிறது. பின்னர் ஒரு கணம் போதும். புயலே இல்லாமலும் இது நேரும் என்பதற்கு, 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் புதையுண்டமையே சான்று.

ஆதலின் நான்காம் வினாவை இப்போது சேர்த்திருக்கிறேன்: மலை சரியுமுன் என்ன சொல்லும்?

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. சாயும் மரமும் கம்பமும். இல்லாத இடத்தில் திடீரென ஊற்று. இருந்த ஊற்று வற்றுதல் அல்லது சேறாகக் கலங்குதல். இவற்றைக் கண்டால் பொருளை எடுக்க நில்லாது வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் செவிமடுக்க வேண்டும்.

அறிகுறிகளைச் சொல்ல நம் பிள்ளைகளால் இயலும். எங்கே போவது என்பதற்கோ அவர்களிடம் விடையில்லை. லயத்தின் பின்னால் சரிவு, முன்னால் பள்ளம். சொந்தமென்று பெயர் எழுதிய ஒரு துண்டு நிலமும் பலருக்கு இல்லை. பாதுகாப்பான நிலத்தில் வீடு தருவதே அதற்குரிய விடை. அதை மாணவரிடம் கேட்பது முறையன்று. ஆசிரியர்களாகிய நாம் முதற்பாதியைக் கற்பிப்போம். மறுபாதியை, விடை சொல்லக் கடமைப்பட்டோரிடம் ஓயாது கேட்டுக்கொண்டிருப்போம்.