கோடை வெயிலில் வீட்டுத் தோட்டக் கத்தரி

கொல்லைப்புறம் உள்ள வீடுகளில் கத்தரிச் செடி இல்லாத வீடு குறைவு. பாத்திரம் கழுவும் இடத்தின் ஓரமாக நாலைந்து செடிகளாவது நிற்கும். தை, மாசி மாதங்களில் குறையின்றிக் காய்த்த இச்செடிகளைப் பற்றி, சித்திரை பிறந்ததும் இரண்டு குறைகள் சொல்லப்படுவது வழக்கம். பூவெல்லாம் உதிர்ந்து விடுகிறது என்பது ஒன்று. காயை அறுத்தால் உள்ளே புழு இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பெரும்பாலோர் தேடுவது மருந்தையே. பருத்திக்கோ நெல்லுக்கோ வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சமிருந்ததை எடுத்து, அடுப்பங்கரைக்குப் பின்னால் நிற்கும் செடியின் மேல் தெளித்துவிடுவதும் கிராமங்களில் உண்டு. இது முற்றிலும் தவறு. முதல் குறைக்கு மருந்தே கிடையாது. இரண்டாவது குறையில், மருந்து படுகின்ற இடத்தில் புழு இருப்பதில்லை.

பூ ஏன் உதிர்கிறது?

கத்தரியில் பூக்கும் பூவெல்லாம் காயாவதில்லை. பூவை உற்றுப் பார்த்தால் நடுவில் மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்பு போல் சேர்ந்து நிற்பதும், அவற்றின் நடுவே சூல்தண்டு இருப்பதும் தெரியும். இத்தண்டின் நீளத்தைக் கொண்டு கத்தரிப் பூக்களை நீண்ட தண்டுப் பூ, நடுத்தரத் தண்டுப் பூ, போலிக் குட்டைத் தண்டுப் பூ, குட்டைத் தண்டுப் பூ என நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் இரண்டு வகைகளே காய் பிடிக்கக் கூடியவை. மற்றவற்றில் சூல்முடி மகரந்தப் பைகளுக்குக் கீழே அமுங்கிக் கிடப்பதால் அவை உதிர்ந்துவிடும். எனவே ஓரளவு பூ உதிர்வதைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை.

கடும் வெயில், நீர்ப் பற்றாக்குறை, எருக் குறைவு ஆகியவை சேர்ந்தால் குட்டைப் பூக்களின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. வெப்பநிலை 35 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்களில் மகரந்தத் தூளும் வீரியம் இழக்கிறது. மே மாத முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை நீடிக்கும் கத்திரி வெயிலுக்கும் கத்தரிச் செடிக்கும் பெயரில்தான் ஒற்றுமை, மற்றபடி ஆகாது. அந்த நாட்களில் செடியை உயிரோடும் பசுமையோடும் காப்பாற்றி வைத்தால் போதும். வெயில் தணிந்ததும் தானே காய்க்கும்.

இதற்கு முக்கியமானது வேர்ப்பகுதியின் ஈரம். மணற்பாங்கான மண்ணில் கோடையில் நாள்தோறும், களிமண்ணில் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை, காலை வேளையில் நீர் விடவேண்டும். நான்கு நாள் காயப்போட்டுவிட்டு ஐந்தாம் நாள் குளம் போல் தேக்குவது பூ உதிர்வதை அதிகமாக்கும். செடியைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்திற்குக் காய்ந்த சருகு, கரும்புத் தோகை, தென்னை மட்டைத் துண்டு இவற்றில் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு மூடாக்கு போடவேண்டும். அரிசி களைந்த நீரை ஊற்றலாம். சோப்பு கலந்த நீரைத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. மேற்குப் பக்கம் இரண்டு அகத்தி நட்டிருந்தால் பிற்பகல் வெயில் தாங்கும். காலை வெயில் மட்டும் நன்றாகப் படவேண்டும். சுவர் நிழலில் நாள் முழுவதும் நிற்கும் கத்தரி இலைதான் தரும், காய் தராது.

இன்னொன்றும் உண்டு. கத்தரியின் மகரந்தப் பை வெடித்துத் தூளைக் கொட்டுவதில்லை. அதன் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே தூள் வெளிவர வேண்டும். மரம் துளைக்கும் கருவண்டு போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு அதிரச் செய்யும்போது தூள் உதிர்ந்து சூல்முடியில் படுகிறது. மருந்து தெளித்த தோட்டத்தில் முதலில் மறைவது இவ்வண்டுதான். அது வராத மொட்டை மாடிகளிலும் நகரத்து முற்றங்களிலும், காலை எட்டு மணிக்குள் பூக்கொத்தின் காம்பை விரலால் நாலைந்து முறை மெல்லச் சுண்டிவிட்டால் காய்ப்பிடிப்பு கூடும்.

ரகமும் நாற்றும்

பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1, புழுதிக் கத்தரியிலிருந்து உருவாக்கப்பட்டு வறட்சியைத் தாங்கி வளர்வது. வெயில் மிகுந்த இடங்களுக்கு இது ஏற்றது. வெள்ளைக் காய் விரும்புவோர் கிள்ளிகுளத்து கே.கே.எம். 1 ரகத்தையும், வரிக் கத்தரி விரும்புவோர் கோ. 2 ரகத்தையும் நடலாம். வேலூர்ப் பக்கத்து முள்ளுக் கத்தரியின் சுவை அவ்வட்டாரத்தார் நன்கு அறிந்தது. அது 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. உள்ளூரில் நன்றாகக் காய்க்கும் விதை கையில் இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு தேடி அலைய வேண்டியதில்லை.

30 முதல் 35 நாள் வயதுள்ள நாற்றை, மாலை வேளையில், இரண்டடி இடைவெளியில் நடவேண்டும். குழிக்கு இரண்டு கை மக்கிய தொழு உரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் இளங்குருத்து மிகுந்து, புழுவுக்கு விருந்தாகும். வயலில் ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன் காய்க்கிறது என்றால், செடிக்குச் சுமார் ஒரு கிலோ என்று கணக்கு. வீட்டில் நன்கு கவனித்து வளர்க்கும் பத்துச் செடிகள் ஒரு சிறு குடும்பத்துக்கு வாரம் ஒரு குழம்புக்குக் குறையாமல் காய் தரும்.

குருத்து, காய்த் துளைப்பான்

கத்தரியின் முதல் எதிரி இதுவே. வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள் உள்ள சிறிய அந்துப்பூச்சி, இரவில் இலையின் அடியிலும் குருத்திலும் மொட்டிலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். வெளிவரும் புழு சில மணி நேரத்திற்குள் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அதன்பின் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவது அரிது. காயின் தோலிலும் காம்பிலும் மட்டுமே தங்கும். கத்தரியை நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பறித்துச் சமைக்கிறோம். மருந்தின் நஞ்சு நீங்குவதற்குக் காத்திருக்க வேண்டிய காலம் பலவற்றில் இதைவிட நீண்டது. ஆக, புழு உள்ளே பிழைத்திருக்க, நஞ்சு குழந்தையின் சோற்றுத் தட்டுக்கு வந்து சேருகிறது. பருத்தி வயலிலிருந்து மிச்சம் கொண்டுவரப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் தெளிப்பதற்கு 2005-ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

காயில் காணும் துளையைப் புழு நுழைந்த வழி என்று பலர் எண்ணுகின்றனர். நுழைந்த துளை ஆறி மூடிவிடும். கண்ணில் படுவது அது வெளியேறிய துளை. அதாவது துளையுள்ள காயில் புழு போயிருக்கும். துளையில்லாத காயில் இருந்தாலும் இருக்கலாம். ஆகவே காயைப் பார்த்துக் காவல் செய்யப் புறப்படுவது காலம் கடந்த வேலை. பார்க்க வேண்டியது குருத்தை.

செடி காய்க்கத் தொடங்குவதற்கு முன்பே புழு குருத்துகளைத் தாக்கும். நீர் விட்டிருந்தும் காலை வேளையில் ஒரு குருத்து மட்டும் தலை தொங்கி வாடி நின்றால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். வாடிய இடத்திற்கு ஓர் அங்குலம் கீழே, உள்ளே கூடு இல்லாத தண்டு தெரியும்வரை கத்தியால் நறுக்கவேண்டும். நறுக்கியதைக் குப்பைக் குழியில் எறியாமல் தீயில் இடவேண்டும், அல்லது சோப்பு நீரில் அமிழ்த்த வேண்டும். புழுக் காய்களையும் இவ்வாறே செய்யவேண்டும். மாட்டுக்குப் போட்டால் உடனே தின்னும்படி போடவேண்டும். வெட்டிய இடத்தின் கீழிருந்து பக்கக் கிளைகள் வெடிக்கும், செடிக்கு நட்டமில்லை. ஏக்கர் கணக்கில் பயிரிடுவோருக்கு இது ஆள்கூலி வேலை. பத்துச் செடி வைத்திருப்பவருக்கு இரண்டு நாட்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிட வேலை. வீட்டுத் தோட்டத்திற்கு உள்ள வசதியே இதுதான்.

புழு முதிர்ந்ததும் இறங்கிச் சருகிலும் கழிவிலும் கூடு கட்டும். எனவே புழு கண்ட செடியின் கீழுள்ள மூடாக்கை அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்.

இலையைச் சல்லடையாகச் சுரண்டும் புள்ளி வண்டுகளைக் கையாலேயே பொறுக்கலாம். இவை மங்கலாக, மெல்லிய ரோமத்துடன் இருக்கும். பளபளப்பாக இருப்பவை அசுவினியைத் தின்னும் நன்மை செய்யும் பொறிவண்டுகள். அவற்றைக் கொல்லக் கூடாது. வண்டின் புழுக்களும் தத்துப்பூச்சிகளும் அதிகமானால், லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளை இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். இலைகள் சிறுத்துக் கொத்தாகிப் பூக்காமல் நிற்கும் செடிக்குச் சிற்றிலை நோய். வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

கோடை கழிந்து ஆடிச் சாரலோ முதல் மழையோ விழுந்ததும், ஓய்ந்துபோன செடிகளைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து, எருவிட்டு நீர் பாய்ச்சினால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும். இரண்டாம் காய்ப்பும் முடிந்தபின் செடியைப் பிடுங்கி, அவ்விடத்தில் தக்காளியோ மிளகாயோ நடாமல் கீரை அல்லது அவரை போடவேண்டும். பிடுங்கிய கத்தரிக் குச்சிகளை அடுப்புக்கு ஆகும் என்று வேலியோரம் அடுக்கி வைப்பது பல வீடுகளில் வழக்கம். அதில் ஒட்டியுள்ள கூடுகளிலிருந்து கிளம்பும் அந்துப்பூச்சிதான் அடுத்த நாற்றைத் தேடி வருகிறது. அவற்றை அந்த வாரத்திலேயே எரித்துவிடவேண்டும்.