கீழடிப் பானையின் கறுப்பு

கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் வேலூர் விஐடியின் விஜயானந்த் சந்திரசேகரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள். ஓடுகளின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோகுழாய்கள் இருப்பதை ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2006-இல் அறிவித்திருந்தார்கள். அந்த வாளோ சில நூற்றாண்டுப் பழமைதான். மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியின் பானை, நானோகுழாயின் வயதுக் கணக்கை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டது.

கறுப்பு-சிவப்பு ஓடு ஒன்றின் உடைந்த விளிம்பைக் கவனித்தால் அது சுடப்பட்ட விதம் தெரியும். வெளிப்புறம் செங்கல் சிவப்பு. உட்புறமும் வாய்ப்பகுதியும் வழவழப்பான கறுப்பு. அடுப்பில் படியும் கரி தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கறுப்பு ஒட்டாது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பது தொல்லியலாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். வெளியே காற்றுபட்டு மண்ணிலுள்ள இரும்பு சிவந்தது. உள்ளே காற்று புகாததால் இலைதழையின் கார்பன் எரிந்து தீராமல் தங்கிவிட்டது. கீழடிக் குயவர்கள் சூளையின் வெப்பத்தை 1,100 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றியிருக்கிறார்கள் என்கிறது தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை.

தங்கிய அந்தக் கார்பன் எப்படி அடுக்கிக்கொண்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கார்பன் அணு நான்கு சகப்பிணைப்புகளை ஏற்படுத்தக்கூடியது. சர்க்கரையிலோ மெழுகிலோ அது சிறு கூட்டமாகச் சேர்ந்து மூலக்கூறாக நின்றுவிடுகிறது. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள ஈர்ப்பு குறைவு. லேசான சூட்டிலேயே மெழுகு உருகுவது அதனால்தான். வைரத்தில் அப்படி நிற்பதில்லை. ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களைப் பிடிக்க, அவை ஒவ்வொன்றும் மேலும் மூன்றைப் பிடிக்க, கல்லின் விளிம்பு வரை பிணைப்பு அறுபடாமல் போகிறது. மூக்குத்தியில் பதித்த வைரம் முழுவதும் ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம். அதைக் கீற வேண்டுமானால் சகப்பிணைப்பையே அறுக்க வேண்டும். வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எல்லாம் பிணைப்புக்கே போய்விடுவதால் மின்சாரமும் பாயாது.

மணலின் சிலிக்காவும் இதே இனம். ஒவ்வொரு சிலிக்கான் அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கானுக்குப் பாலம். வைகை மணல், மேலூர்ப் பாறையின் குவார்ட்ஸ், கீழடியில் கிடைத்த சூதுபவள மணிகள் எல்லாம் இதே கட்டமைப்புதான். உருக ஏறத்தாழ 1,700 டிகிரி வேண்டும் என்பதால், கீழடிச் சூளையில் களிமண் இறுகியபோதும் அதிலிருந்த மணல் உருகவில்லை. கிரானைட் குவாரிகளில் பாறையை அறுக்க வைரம் பதித்த கம்பியைப் பயன்படுத்துவதும் இந்தக் கட்டமைப்பால்தான். வலையாகப் பின்னிய ஒன்றை வெட்ட, அதைவிட இறுக்கமாகப் பின்னியது தேவை.

கார்பனின் இன்னொரு வடிவமான கிராஃபைட்டைப் பார்க்கவும் வெகுதூரம் போக வேண்டாம். கீழடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்திலேயே தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. தாதுவில் கார்பன் சராசரியாக 14 சதவீதம்தான். அதை அரைத்து, நீரில் கலந்து, நுரைக்கச் செய்கிறார்கள். நீரோடு ஒட்டாத கிராஃபைட் செதில்கள் குமிழிகளில் தொற்றி மேலே வர, கல்தூள் அடியில் தங்கிவிடும். கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று அணுக்களை மட்டுமே பிடித்து, அறுகோணங்களாக ஒரு தாளைப் போல் பரவுகிறது. தாளுக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர்; தாளுக்கும் தாளுக்கும் நடுவே 0.335. அதனால் தாள்கள் எளிதில் வழுக்கி நழுவுகின்றன. நான்காவது எலக்ட்ரான் தாள் முழுக்க உலவுவதால் மின்சாரம் பாய்கிறது. கிராஃபைட் கலந்த 6பி பென்சிலால் காகிதத்தில் தடிமனாக ஒரு கோடு போட்டு, 9 வோல்ட் பேட்டரியையும் சிறு எல்இடி விளக்கையும் அந்தக் கோட்டின் வழியே இணைத்தால் விளக்கு மங்கலாக எரியும். பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. மின்ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியிலும் கிராஃபைட் தாள்களுக்கு நடுவேதான் லித்தியம் போய் அமர்கிறது.

அந்தத் தாளில் ஒன்றே ஒன்றை உரித்தால் கிராஃபீன். மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் ஒட்டும் டேப்பை வைத்தே அதைப் பிரித்து, 2004-இல் அறிவித்தார்கள்; 2010-இல் நோபல் பரிசு. தாளைச் சுருட்டினால் நானோகுழாய். 1991-இல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் அதைத் தீவிரமாகக் கவனித்தது. எந்தக் கோணத்தில் சுருள்கிறது என்பதைப் பொறுத்து அது உலோகம்போல் மின்சாரம் கடத்தும், அல்லது குறைகடத்தியாகும். 60 கார்பன்கள் மூடிய பந்தாகச் சேரும் ஃபுல்லரீனை இந்தக் குடும்பத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். ஆனால் அது வைரம்போல் விளிம்பு வரை பின்னிய வலை அல்ல, தனித்தனி மூலக்கூறு. டொலுவீனில் கரைந்து ஊதா நிறம் காட்டும். வைரமும் கிராஃபைட்டும் எதிலும் அப்படிக் கரைவதில்லை.

கீழடி ஓடுகளில் கண்ட ஒற்றைச்சுவர் குழாய்களின் விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அவை எப்படி உருவாயின? பூச்சுக்கு ஏதோ தாவரச் சாறு பயன்பட்டு, சூளை வெப்பத்தில் அது இப்படி மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்றைய ஆய்வகங்களில் கார்பன் அடங்கிய வாயுவைச் சூடான இரும்புத் துகள்கள் மேல் செலுத்தி நானோகுழாய் வளர்க்கிறார்கள். சூளையிலும் தாவரக் கார்பன், இரும்பு கலந்த மண், காற்றுக் குறைவு, கடும் வெப்பம் எல்லாம் ஒன்றுகூடியிருந்தன. ஆகவே அந்தக் கருத்து எனக்கு நம்பத் தகுந்ததாகவே படுகிறது. ஆனால் அது ஊகம்தான், நிரூபணம் அல்ல.

கீழடிக் குயவருக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று பெருமை பேசுவதை நான் ஏற்கவில்லை. அணுவைப் பற்றி அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எதைப் பூசுவது, எவ்வளவு சூடு, எப்போது காற்றை அடைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2,600 ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் உரியாத பூச்சு அந்தக் கைத்திறனின் விளைவு; புகழ வேண்டியது அதைத்தான். அதே மாவட்டத்து மானாமதுரையில் இன்றும் மண்பாண்டச் சூளைகள் எரிகின்றன. அங்குள்ள கைவினைஞர்களோடு உட்கார்ந்து, இந்தப் பகுதியில் விளையும் தாவரங்களின் சாற்றை ஒவ்வொன்றாகப் பூசிச் சுட்டு, அந்த ஓடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், எந்தச் சாறு குழாயாகச் சுருள்கிறது, எது வெறும் கரியாக நிற்கிறது என்பது தெரியவரும்.