விரைவிடுப்பின் சிற்றுறுப்புகள்

பந்தய மிதிவண்டியின் முன்சக்கரத்தை முதன்முறை கழற்றுவோர் கையிலிருந்து தவறிப் புல்லுக்குள் ஓடி மறைவது பெரும்பாலும் ஒரு சிறு சுருள்வில்தான். ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய கூம்பு வடிவம் அதற்கு. சக்கரக் குடத்தின் இருபுறமும் ஒவ்வொன்று இருக்கும். தொலைத்தவர் அது இல்லாமலே சக்கரத்தை மாட்டி ஓட்டிப் பார்க்கிறார். வண்டி முன்போலவே ஓடுகிறது. அவ்வில் வெறும் அணிகலன் என்று தீர்ப்பளித்து விடுகிறார். பாரம் தாங்குவதில்லை என்பதைக் கண்டுகொண்ட அளவில் அவர் சொல்வது சரியே.

அவ்வில் சேர்ந்தது விரைவிடுப்புப் பொறியில்; கருவியின்றி, நெம்புகோல் ஒன்றைத் திறந்தே சக்கரத்தைக் கழற்ற உதவுவது அது. மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் இப்பொறி நெடுங்காலம் புழங்கவில்லை. பீடோங், பாடாங் செராய், கூலிம், பாலிங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டச் சென்றோரின் மிதிவண்டிகள் கனத்த இரும்புச் சட்டம் கொண்டவை. அச்சின் இருமுனையிலும் நட்டு மாட்டி ஸ்பேனரால் முறுக்கப்பட்டவை. டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது அரிது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, டயரின் ஒரு விளிம்பை நெம்பி, டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டுப்போட்டு மீண்டும் திணித்துவிடுவர். பின்சக்கரம் என்றால் சங்கிலிக்கூடு, மட்கார்டுக் கம்பி, கேரியர்க் கால் என ஒவ்வொன்றாய் அவிழ்க்க வேண்டும்; விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியவர்க்கு அதற்கு நேரம் ஏது? விரைவிடுப்பு அங்கே நுழையாததற்கு வறுமையை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. அதற்கான தேவையே அங்கு எழவில்லை.

தேவை எழுந்தது பந்தயத்தில். இத்தாலிய வீரர் துல்லியோ காம்பஞோலோ 1927 நவம்பரில் குரோச்சே தௌனே மலைக்கணவாயில் பனியில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் சிறகுநட்டைத் திருக முடியாமல் பந்தயத்தை இழந்தார் என்பது வழிவழிச் செய்தி. அக்காலத்தில் பல்சக்கரம் மாற்றவே பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியிருந்தது. ஆய்வாளர் சிலர் இக்கதையை ஐயுறுகின்றனர். 1933இல் அவர் விசென்சா நகரில் தொடங்கிய நிறுவனம் இப்பொறியை உலகறியச் செய்தது என்பதில் ஐயமில்லை.

பொறியின் அமைப்பு எளிது. உட்குடைவான அச்சினூடே 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத்தண்டு ஒன்று செல்கிறது. அதன் ஒருமுனையில் நெம்புகோலும், மையம் விலகிய உருளை ஒன்றும் உள்ளன. மறுமுனையில் கையால் திருகும் நட்டு உள்ளது. நெம்புகோலை மடக்கும்போது உருளையின் மேடான பகுதி தண்டை இழுக்கிறது. தண்டு இழுபட, இருமுனை முகங்களும் கவையின் காதுகளை, அதாவது அச்சு அமரும் பிளவுமுனைகளை, அச்சோடு சேர்த்து நெரிக்கின்றன. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த நெரிப்பில் பிறக்கும் உராய்வே.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டின் இழுவிசை 5,000 நியூட்டன் என்று கொள்வோம். 5 மில்லிமீட்டர் தண்டின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மில்லிமீட்டர். எஃகின் மீள்தன்மையை வைத்துக் கணக்கிட்டால், 120 மில்லிமீட்டர் நீளமுள்ள முன்சக்கரத் தண்டு நீள்வது ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர், முடி ஒன்றின் தடிப்பைவிட மிகுதி. இந்தச் சிறு நீட்சியே சக்கரத்தைக் காக்கும் சேமிப்பு. ஆகவே இப்பொறியின் உண்மையான வில் தண்டுதான். கண்ணுக்கு வில்லாகத் தெரியும் கூம்புச் சுருள்கள், நெம்புகோல் மூடியபின் எந்த வேலையும் செய்யாமல் அடங்கிக் கிடக்கின்றன.

நட்டின் மரையில் ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர் நகர்வு. அப்படியானால் கால்சுற்று 0.2 மில்லிமீட்டர், தண்டின் மொத்த நீட்சியையும் விஞ்சிவிடும். நட்டைக் கால்சுற்றுக் குறைத்துத் திருகியவரின் சக்கரம் ஏறத்தாழப் பிடியின்றியே நிற்கும் என்பது இதன் பொருள். நெம்புகோல் அச்சுக்கு நேராக வெளிநோக்கி நிற்கும் நிலையில் கைக்குத் தடை தொடங்க வேண்டும், முழுவதும் மடக்கியபின் உள்ளங்கையில் அதன் தழும்பு பதிய வேண்டும் என்று பழுதுபார்ப்போர் சொல்லும் விதி இந்தக் கணக்கோடு இசைந்தே நிற்கிறது. நெம்புகோலையே நட்டுபோல் சுற்றிச் சுற்றி இறுக்குவோரை எந்த ஊரிலும் காணலாம். சுற்றி இறுக்கும்போது உருளை வேலை செய்வதே இல்லை. கைவலு எவ்வளவோ அவ்வளவே பிடி.

அதே நெரிப்பு அச்சையும் சற்றே குறுக்குகிறது. அச்சு உட்குடைவானதாயினும் பரப்பு மிகுந்தது. ஆதலின் தண்டின் நீட்சியில் பாதியளவோ அதற்குக் குறைவாகவோ அது சுருங்கும். அச்சின் கோன்களைத் தாங்கிக் குண்டுகளோடு கச்சிதமாக முறுக்கிவிட்டால், நெம்புகோலை மூடியதும் குண்டுகள் நசுங்கத் தொடங்கும். தேர்ந்த கைவினைஞர் மாட்டுவதற்கு முன் மிகச் சிறு ஆட்டம் ஒன்றை விட்டுவைப்பார். அச்சின் முனை கவையின் காதைத் தாண்டி வெளியே நீளவும் கூடாது. நீண்டால் பொறி காதை விட்டுவிட்டு அச்சின் முனையையே நெரித்துக் கொண்டிருக்கும்.

கெடாவின் மண்ணையும் மழையையும் பொறுத்தவரை முதன்மை தர வேண்டியது உருளைக்குத்தான். உருளை ஓர் உலோகக் கூட்டினுள் மறைந்திருக்கும் வகை ஒன்று. நெம்புகோலின் அடியே வெளிப்பட்டு வளைந்த நெகிழி வில்லையின்மேல் உரசும் வகை மற்றொன்று. எடை குறைவும் மலிவுமான பின்னதில் உரசும் பரப்பு மையத்திலிருந்து தள்ளி இருப்பதால், அதே கைவலுவுக்குக் கிடைக்கும் இழுவிசை குறைவு. செம்மண் சேறு தெறிக்கும் தோட்டத்துச் சடக்கில் அது மேலும் குறையும். இங்குள்ள குனோங் ஜெராய் மலை 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதன் வளைபாதையில் ஏறி நனைந்த சாலையில் இறங்குவோர் மூடிய உருளையைத் தேர்வதே அறிவுடைமை என்பேன். சில கிராம் எடை கூடினால் கூடட்டும்.

முகங்களில் வெட்டப்பட்ட பற்கள் அடுத்த சிற்றுறுப்பு. எஃகுப் பற்கள் அலுமினியக் காதுகளில் நுண்ணிய தடம் பதித்துப் பிடிக்கின்றன. நட்டினுள் செருகிய நைலான் வளையம், சாலை அதிர்வில் மரை தானே பின்வாங்காமல் தடுக்கிறது.

இனி அந்தச் சுருள்விற்கள். குறுகிய முனை உள்நோக்கி அச்சைத் தொட, அகன்ற முனை வெளிநோக்கி நிற்க வேண்டும். நெம்புகோலைத் திறந்ததும் இரு முகங்களையும் காதுகளிலிருந்து வெளியே தள்ளி, தண்டை நடுவில் நிறுத்தி, சக்கரம் தடையின்றிக் கவைக்குள் நுழைய வழிவிடுகின்றன. வில் இல்லையெனில் தண்டு ஒருபுறம் சரிந்து, நட்டு காதுக்கும் குடத்துக்கும் நடுவில் சிக்கும். ஒருகை சக்கரத்தையும் மறுகை தண்டையும் பிடிக்க, வண்டியைப் பிடிக்க மூன்றாம் கை தேவைப்படும். திருப்பி மாட்டினால் அகன்ற முனை காதுக்கும் அச்சுக்கும் இடையே நசுங்கி, முழு நெரிப்பையும் கெடுக்கும். எனவே இல்லாத வில்லைவிடத் தவறாக மாட்டிய வில்லே கேடு மிக்கது.

தொலைந்ததை ஈடுசெய்வது எளிது. 5 மில்லிமீட்டர் மரை பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொது என்பதால், சுங்கைப்பட்டாணியில் வாங்கிய நட்டு இத்தாலியத் தண்டிலும் ஏறும். உறுப்புகள் ஒத்திருப்பதன் வலிமையைக் கெடா கசப்பாகவும் கண்டதுண்டு. 1941 டிசம்பரில் ஜித்ரா அரண் வீழ்ந்தபின் தெற்கே விரைந்த ஜப்பானியப் படையினர் பல்லாயிரம் மிதிவண்டிகளில் வந்தனர். மலிவான ஜப்பானிய வண்டிகள் போருக்கு முன்பே மலாயாவெங்கும் விற்கப்பட்டிருந்ததால் உதிரி உறுப்புகளுக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை என்று படைத்திட்டம் வகுத்த சூஜி மசானோபு எழுதியிருக்கிறார்.

அதே கெடாவுக்குரிய லங்காவியின் பெயரில் 1996 முதல் நடைபெறும் பன்னாட்டுப் பந்தயம், சில நொடிகளில் சக்கரம் மாற்றும் கலையை நம் சாலைகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் இன்றைய பந்தய வண்டிகளில் விரைவிடுப்பு அருகிவிட்டது. காரணம் தட்டுப் பிரேக்கு. முன்கவையின் பின்புறம் அமைந்த பிரேக்கு, பிடிக்கும்போது அச்சைக் காதிலிருந்து கீழ்நோக்கித் தள்ளுகிறது என்பதை 2003இல் ஜேம்ஸ் அன்னான் என்னும் அறிவியலாளர் விளக்கினார். காதின் முனையில் துருத்தி நிற்கும் சிறு உதடு, தளர்ந்த சக்கரத்தை ஓரளவு தடுக்கும்; அதை அரத்தால் தேய்த்து நீக்குவோர் நேரத்தை மிச்சப்படுத்தித் தம் பல்லைப் பணயம் வைக்கிறார்கள். 2015இல் டிரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 9 இலட்சம் வண்டிகளின் விரைவிடுப்பை மாற்றித்தர நேர்ந்தது: அளவுமீறித் திறந்த நெம்புகோல், சுழலும் தட்டில் சிக்கிச் சக்கரத்தை நிறுத்தக் கூடியதாய் இருந்தது. முழுதும் திறந்த நெம்புகோலுக்கும் தட்டுக்கும் இடையே 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

புதிய பந்தய வண்டிகளில் 12 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள ஊடச்சு, மூடிய துளைகளின் வழியே சென்று கவையிலேயே மரையாக இறுகுகிறது. அதில் கூம்புச் சுருள்வில்லுக்கு வேலை இல்லை. கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் கைமாறி வரும் பழைய வண்டிகளுக்கு மட்டும் அது இன்னும் வேண்டும். அவற்றை வாங்குவோர் விலை பேசுமுன் நெம்புகோலைத் திறந்து, இருபுறமும் வில் இருக்கிறதா, குறுகிய முனை உள்நோக்கி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.