ஹோமியோபதியும் தொற்றுநோய்த் தடுப்பும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

2020ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி, இந்தியாவில் முதலாவது கொறோனா நோயாளர் அறியப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாக, அந்நாட்டு ஆயுஷ் அமைச்சு ஓர் ஆலோசனையை வெளியிட்டது. 'ஆர்செனிக்கம் ஆல்பம் 30' என்னும் ஹோமியோபதி மருந்தை வெறும் வயிற்றில் மூன்று நாட்கள் உட்கொள்ளுமாறு அது கூறிற்று. தமிழ்நாட்டு அரசும் பின்னர் அம்மருந்தைத் தன் நோய்த்தடுப்புத் திட்டத்திற் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டின் பிற்பகுதியிலே கொழும்பில் கொம்பனித்தெருவின் சில பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. ஓரறையிலே குடும்பம் முழுவதும் உறங்குகின்ற, மலசலகூடத்தை அயலாரோடு பகிர்ந்துகொள்கின்ற முடுக்குகளில் வாழ்வோர் இடைவெளி பேணுவது எங்ஙனம்? இடைவெளியை வழங்க இயலாத ஆட்சிக்குக் குளிசையை வழங்குதல் எளிது. இவ்வெளிமையின் வரலாற்றையே நாம் இங்கு நோக்குகிறோம்.

ஹோமியோபதியின் மூலவரான ஜேர்மானிய வைத்தியர் சாமுவேல் ஹானிமன், ஒத்ததை ஒத்ததாற் குணமாக்கலாம் என்ற தம் கருத்தை 1796இல் வெளியிட்டார். இங்கிலாந்திலே எட்வேட் ஜென்னர் பசு அம்மைப்பாலை ஒரு சிறுவனுக்குக் குத்திப் பரிசோதித்ததும் அவ்வாண்டிலேதான். 1799இற் செங்காய்ச்சல் பரவியபோது, பெலடோனாச் செடியின் சாற்றை மிகச் சிறிதளவு கொடுத்துப் பிள்ளைகளைக் காக்கலாம் என்றார் ஹானிமன். 1830களிலே லைப்சிக் நகர மிருக வைத்தியர் லுக்ஸ், நோயுற்ற உடலின் கசிவையே ஐதாக்கி மருந்தாக்கினார். 'நோசோட்' எனப்படும் இவ்வகை மருந்து தடுப்பூசியை ஒத்ததாகத் தோன்றும். ஆயினும் தடுப்பூசியிலுள்ள நோய்க்கூற்றை அளக்கலாம். அது உடலில் உண்டாக்கும் பிறபொருளெதிரியையும் அளக்கலாம். '30' என்பதோ, நூறில் ஒன்றாக முப்பது தடவை ஐதாக்கியமையைக் குறிக்கும். பன்னிரண்டாம் தடவையளவிலேயே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுதானும் எஞ்சும் வாய்ப்பு ஏறத்தாழ அற்றுப்போகிறது.

அவ்வாறாயின் கற்றோர் பலர் இதனை நம்பியது ஏன்? 1854இல் இலண்டனின் சோகோப் பகுதியைத் தாக்கிய வாந்திபேதி ஓரளவு விடை தருகிறது. கோல்டன் சதுக்கத்து ஹோமியோபதி வைத்தியசாலையிற் சேர்ந்த 61 வாந்திபேதி நோயாளருள் 10 பேரே இறந்தனர். பிற வைத்தியசாலைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் மாண்டனர். சுகாதார சபை இக்கணக்கைத் தன் அறிக்கையிற் சேர்க்காது விட்டது. பாராளுமன்றம் கேட்ட பின்னரே 1855இல் அது வெளிவந்தது. கணக்குப் பொய்யன்று. அன்றைய வைத்தியம், குருதி வடித்தும் பேதிக்குக் கொடுத்தும், நீரிழந்த உடலை மேலும் வற்றச்செய்தது. ஹோமியோபதி அத்தீங்கைச் செய்யவில்லை, அவ்வளவே. அதே செப்டெம்பரில், அயலிலுள்ள புரோட் வீதியிலே, ஜோன் சினோ இறந்தோரின் வீடுகளைக் கணக்கிட்டு ஒரு நீர்ப்பம்பியைச் சுட்டிக்காட்ட, அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. (நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மார்க்ஸின் குடும்பம் அந்நாளில் அதே சோகோவில், டீன் வீதியில், வாடகைக்கு வாழ்ந்தது.) வாந்திபேதி இலண்டனை இறுதியாகப் பெரும் அளவிலே தாக்கியது 1866இல், தாக்கியது, புதிய கழிவுநீர்க் கால்வாய் இன்னும் முற்றுப்பெறாத கிழக்கு இலண்டனின் உழைப்பாளர் குடியிருப்புகளை.

தமிழகத்திலே, 1846இல் ஓய்வுபெற்ற வைத்திய அதிகாரியான சாமுவேல் புரூக்கிங் தஞ்சாவூரில் ஒரு ஹோமியோபதி வைத்தியசாலையை நிறுவினார். மங்களூரில் இயேசு சபைத் துறவி அகஸ்தஸ் முல்லர் 1880இல் ஏழைகளுக்கான மருந்தகத்தைத் தொடங்கினார். 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் துணையோடு வீடு புகுந்து சோதித்த ஆட்சி அது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளரை மண்டபம் முகாமில் மறித்துவைத்ததும் காலனிய ஆட்சியே. அச்சூழலிலே, கசப்பும் கட்டாயமும் அற்ற இச்சீனிக் குளிசை மனிதாபிமானமுடையதாகத் தோன்றியமை வியப்பன்று. மக்களின் நம்பிக்கையை மடமையென ஒதுக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

முற்போக்கு நண்பர் சிலர் எம்மிடம் கியூபாவை எடுத்துக்காட்டுவதுண்டு. 2007இன் இறுதியில் அந்நாட்டின் கிழக்கு மாகாணங்களிலே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சலுக்கான நோசோட் கொடுக்கப்பட்டது. நோய் குறைந்ததென 2010இல் ஆய்வாளர் எழுதினர். கொடுக்கப்பட்டோரையும் கொடுக்கப்படாதோரையும் எழுமாற்றாகப் பிரிக்காத அவ்வாய்வு, நோயின் இயல்பான ஏற்றவிறக்கத்திலிருந்து மருந்தின் விளைவைப் பிரித்துக்காட்ட வல்லதன்று. சோசலிச நாட்டிற் பிறந்தமையால் ஒரு சான்று வலிமை பெற்றுவிடாது. அதே பின்லே நிறுவனம் எலிக்காய்ச்சலுக்கு உண்மையான தடுப்பூசியொன்றையும் உருவாக்கியுள்ளது. நண்பர்கள் அதனை ஏனோ குறிப்பிடுவதில்லை.

இலங்கையிலே ஹோமியோபதி 1970ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சட்ட ஏற்புப் பெற்றது. அதனை நாடுவோரின் உரிமை எமது வழக்கன்று. 2017இல் இந்நாட்டிலே டெங்கு நோயாளராகப் பதிவானோர் ஏறத்தாழ 1,86,000 பேர். அந்நுளம்பு பெருகுவது தேங்கிய தெளிந்த நீரில். கொழும்பின் கட்டுமானத் தலங்கள் அதற்கு வாய்ப்பான இடங்கள். கொம்பனித்தெருவின் மியூஸ் வீதி வீடுகள் 2010இல் இடிக்கப்பட்டன. அப்பகுதியெங்கும் வானளாவிய மாடங்கள் எழுந்துள்ளன. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் காணியின் உரிமையாளரையும் குடியிருப்போரையும் பொறுப்பாளிகளாக்குகிறது. பூச்சாடித் தட்டிலே நீர் தேங்கவிட்ட முடுக்குவாசியும், அத்திவாரக் குழியிலே நீர் தேங்கவிட்ட முதலீட்டாளரும் அச்சட்டத்தின் எழுத்திற் சமமானோர்.