பாத்திமாவும் நசரேயும்: ஒரு பகற்பொழுது யாத்திரை

லிஸ்பன் மாநகரத்திலிருந்து நாள்தோறும் காலை எட்டு, எட்டரை மணிக்குப் புறப்பட்டு அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடுகிற சுற்றுலா வண்டிகளில் பல, வடக்கே ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாத்திமா மாதாவின் திருத்தலத்தை முதலில் காட்டி, பத்தாலியாவின் பழைய மடாலயத்தில் சற்றே நின்று, அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலுள்ள நசரே என்னும் மீனவர் பட்டினத்தில் மத்தியானப் போஜனத்துக்கு அவகாசம் கொடுத்து, மதில் சூழ்ந்த ஓபிதோஸ் வழியாகத் தலைநகர் வந்து சேருகின்றன. பெரிய பேருந்துகளும் உண்டு. ஏழெட்டுப் பேர் மட்டும் அமரக்கூடிய சிறு வண்டிகளும் உண்டு. சிறு வண்டியில் பெரும்பாலும் சாரதியே வழிகாட்டியாகவும் இருப்பார். வழி நெடுகச் சரித்திரமும் ஐதிகமும் கலந்து சொல்லிக்கொண்டே வருவார்.

இந்த ஏற்பாட்டின் சௌகரியத்தை மறுப்பதற்கில்லை. லிஸ்பனிலிருந்து பாத்திமாவுக்கு மட்டும் போவதானால் விரைவுப் பேருந்து ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் நான்கு ஊர்களையும் பொதுப் பேருந்துகளை நம்பி ஒரே பகலில் பார்த்துத் திரும்புவது மிகவும் சிரமமான காரியம். ரயிலை நம்புகிறவர்களுக்கோ, பாத்திமா என்று பெயர் தாங்கிய ரயில் நிலையம் திருத்தலத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற செய்தி இறங்கிய பிறகுதான் தெரியவரும். ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்து, கையில் ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இந்த வண்டிகளை நாடுவது இயல்பே. அந்த ஒரு நாள் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதை அறிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

பாத்திமாவின் பிரசித்தி மிகப் பழையதன்று. 1917-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி, அல்ஜுஸ்த்ரேல் என்னும் குக்கிராமத்தைச் சேர்ந்த மூன்று சிறுவர்கள், கோவா த ஈரியா என்ற மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தபோது, சிறிய கருவாலி மரம் ஒன்றின்மேல் சூரியனிலும் பிரகாசமான ஒரு மாதரசியைக் கண்டதாகச் சொன்னார்கள். மூவரில் மூத்தவளான லூசியாவுக்குப் பத்து வயது; அவளுடைய அத்தை மகனான பிரான்சிஸ்குவுக்கு எட்டு, அவன் தங்கை ஜசிந்தாவுக்கு ஏழு. ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் அதே இடத்துக்கு வரவேண்டும், நாள்தோறும் ஜெபமாலை சொல்லவேண்டும், யுத்தம் முடிவுறப் பிரார்த்திக்கவேண்டும் என்பவை தங்களுக்குக் கிடைத்த கட்டளைகள் என்று குழந்தைகள் கூறவே, செய்தி ஊர் ஊராகப் பரவியது.

அது எத்தகைய காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இந்தச் செய்தி ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பது விளங்கும். 1910-இல் முடியாட்சியை அகற்றிவிட்டு அமைந்த போர்த்துகல் குடியரசு, துறவற சபைகளை நாட்டைவிட்டு வெளியேற்றி, மறுவருஷமே அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டத்தை இயற்றிக் கோயில் சொத்துக்களைத் தன்வசப்படுத்திக்கொண்டது. 1916-இல் நாடு உலக மகா யுத்தத்திலும் இறங்கியது. மகன்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, பாதிரியாரும் அதிகாரியும் பகைத்து நிற்பதைக் கண்டு கலங்கியிருந்த கிராமத்து ஜனங்களிடம், சமாதானம் வரும் என்று மூன்று குழந்தைகள் வாயிலாக ஒரு வார்த்தை வந்தது. ஓரேம் பகுதியின் நிர்வாக அதிகாரி ஆகஸ்டு 13-ஆம் தேதியன்று குழந்தைகளைத் தம்முடன் அழைத்துப் போய்த் தடுத்து வைத்து, பயமுறுத்தியும் பார்த்தார். அவர்கள் சொன்னதை மாற்றவில்லை. அம்மாதத்துக் காட்சி 19-ஆம் தேதி வேறோர் இடத்தில் நிகழ்ந்ததென்று பின்னர் சொன்னார்கள்.

எல்லாரும் நம்பத்தக்க அற்புதம் ஒன்று அக்டோபர் 13-ஆம் தேதி நிகழும் என்று குழந்தைகள் முன்கூட்டியே கூறியிருந்தபடியால், அன்று கொட்டும் மழையையும் சேற்றையும் பொருட்படுத்தாமல் பல்லாயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். மழை நின்று மேகம் விலகியதும் சூரியன் சுழன்றதாகவும், பல நிறங்களை வீசியதாகவும், பூமியை நோக்கி இறங்கி வந்ததாகவும் அங்கிருந்தவர்களில் மிகப் பலர் சாட்சி கூறினர். மதப்பற்று அதிகம் இல்லாத 'ஓ செக்குலோ' என்ற லிஸ்பன் தினசரியின் நிருபரும் கூட்டத்தார் கண்டதாகச் சொன்னதை விரிவாக எழுதியதால், விஷயம் தேசம் முழுவதும் பேசப்பட்டது. வானியல் நிலையங்கள் எவையும் சூரியனிடத்தில் மாறுதல் எதையும் குறிக்கவில்லை என்பதும் உண்மையே. திருச்சபை அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. பல ஆண்டு விசாரணைக்குப் பின், 1930 அக்டோபர் 13-இல்தான் லெயிரியாவின் மேற்றிராணியார் அக்காட்சிகள் நம்பத்தக்கவை என்று பிரகடனம் செய்தார்.

அந்தப் பிரகடனத்தைக் காண மூவரில் இருவர் உயிரோடு இல்லை. யுத்தத்தின் பின்னாலேயே வந்த விஷக் காய்ச்சலுக்கு இலக்காகிப் பிரான்சிஸ்கு 1919-இலும் ஜசிந்தா 1920-இலும் மறைந்தார்கள். லூசியா துறவறம் பூண்டு, பிற்காலத்தில் கோயிம்பிரா நகரத்துக் கார்மேல் மடத்தில் வாழ்ந்து, 2005-இல் தமது 97-ஆவது வயதில் காலமானார். காட்சி நிகழ்ந்த இடத்தில் 1919-இல் கிராமத்தார் எழுப்பிய சின்னஞ்சிறு கோயிலை 1922 மார்ச்சில் சிலர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது மறுபடியும் கட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் சிறுவர் இருவரையும் முக்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்க, நூற்றாண்டு நிறைவான 2017 மே 13-இல் பிரான்சிஸ் பாப்பரசர் அவர்களைப் புனிதர்களாக உயர்த்தினார்.

வண்டியிலிருந்து இறங்கி உள்ளே நுழைந்ததும் முதலில் மனத்தைக் கவர்வது அந்த மகா விசாலமான வெளிதான். ஒரு கோடியில் 1928-இல் தொடங்கி 1953-இல் அபிஷேகம் செய்யப்பட்ட ஜெபமாலை மாதா பேராலயம், 65 மீட்டர் உயரக் கோபுரத்தோடு வெண்மையாக நிமிர்ந்து நிற்கிறது. மூன்று குழந்தைகளின் கல்லறைகளும் அதனுள்ளேதான் இருக்கின்றன. மறுகோடியில், 2007-இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 8,600 பேர் அமரக்கூடிய பரிசுத்த திரித்துவப் பேராலயம் தரையோடு தரையாக வட்டமாய்ப் படுத்திருக்கிறது. இவ்விரண்டு பெருங்கட்டடங்களுக்கும் நடுவில், பார்வைக்கு எளிய கூரையின் கீழ் இருக்கும் காட்சிச் சிற்றாலயமே இத்தலத்தின் கர்ப்பக்கிருகம். குழந்தைகள் கண்டதாகச் சொன்ன சிறு மரத்தைப் பக்தர்கள் கிளை கிளையாக ஒடித்துக்கொண்டு போய்விட்டபடியால், அது நின்ற இடத்தில் இன்று ஒரு தூணும் அதன்மேல் மாதாவின் சுரூபமும் உள்ளன. 1981 மே 13 அன்று இரண்டாம் ஜான் பால் பாப்பரசர்மேல் பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளில் ஒன்று, தாம் பிழைத்தது மாதாவின் அருளே என்று நம்பிய அவருடைய விருப்பப்படி, அச்சுரூபத்தின் கிரீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. வெளியின் சரிவில் வழவழப்பான கல் பாவிய பாதை ஒன்று சிற்றாலயம் வரை செல்லுகிறது. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அதில் முழந்தாளிட்டே ஊர்ந்து வருகிறார்கள். சிற்றாலயத்தின் அருகே மெழுகுவத்திகளும், கை கால் வடிவில் வார்த்த மெழுகுப் பிரதிமைகளும் ஓயாமல் எரிந்து உருகிக்கொண்டிருக்கின்றன.

சுற்றுலாக்காரர்களுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். கட்டடங்களைப் பார்க்கவும் மெழுகுவத்தி ஒன்று ஏற்றவும் அது போதும். ஆனால் பாத்திமாவின் உச்சமான வழிபாடு பகலில் நடப்பதில்லை. ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை இரவுதோறும் ஒன்பதரை மணிக்குச் சிற்றாலயத்தில் பல மொழிகளில் ஜெபமாலை தொடங்கி, அதன்பின் ஆயிரக்கணக்கானோர் கையில் தீபமேந்தி மாதாவின் சுரூபத்தோடு வெளியை வலம் வருகிறார்கள். அந்நேரத்தில் பகல் வண்டியில் வந்தவர்கள் லிஸ்பனில் இரவுச் சாப்பாட்டை முடித்திருப்பார்கள்.

பாத்திமாவிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் பத்தாலியா. 1385 ஆகஸ்டு 14-இல் அல்ஜுபரோட்டா களத்தில், காஸ்டீல் அரசனின் பெரும்படையைச் சிறு படைகொண்டு வென்று தேசத்தின் சுதந்தரத்தைக் காத்த முதலாம் ஜோவான் மன்னன், தேவமாதாவுக்குச் செய்த பொருத்தனையின்படி எழுப்பிய மடாலயம் இது. நூறு வருஷத்துக்கு மேல் வேலை நடந்தும் முற்றுப்பெறாமல், ஒரு பகுதி இன்றும் கூரையின்றியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் விதானம் தாங்கும் இதன் சபா மண்டபத்தில், முதல் உலக யுத்தத்தில் பிளாண்டர்ஸ் களத்திலும் ஆப்பிரிக்காவிலும் மடிந்த, பெயர் அறியாத இரு போர்த்துகீசியச் சிப்பாய்களை 1921-இல் அடக்கம் செய்தார்கள். பாத்திமாவில் எந்த யுத்தம் முடியவேண்டுமென்று குழந்தைகள் ஜெபித்தார்களோ, அந்த யுத்தத்தின் பலிகள் இவர்கள். வழிகாட்டிகள் மண்டபத்தின் சிற்ப வேலையைச் சொல்லும் உற்சாகத்தில் இந்தத் தொடர்பைச் சொல்லாமல் கடந்துவிடுவதுண்டு.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் காற்றில் உப்பு மணம் வந்துவிடும். நசரே இரண்டு அடுக்கான ஊர். கடற்கரையை ஒட்டிய பட்டினம் கீழே, நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் தலையில் சீத்தியு என்ற பழைய குடியிருப்பு மேலே. 1889 முதல் இரண்டையும் ஒரு சரிவு ரயில் இணைக்கிறது. 1182-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துக் காலை ஒன்றில், தோம் புவாஸ் ரூபினோ என்ற பிரபு மானைத் துரத்திக்கொண்டு மூடுபனிக்குள் குதிரையை விட்டுவர, மான் பாறை முனையிலிருந்து கடலில் வீழ்ந்ததென்றும், அவர் தேவமாதாவைக் கூவி அழைத்த கணத்தில் குதிரை முனையிலேயே நின்றுவிட்டதென்றும் ஐதிகம் கூறுகிறது. அந்த இடத்தில் அவர் கட்டியதாகச் சொல்லப்படும் சிறு கோயிலும், கரிய திருமுகத்தோடு மாதாவின் சிறு சுரூபம் வீற்றிருக்கும் பெரிய ஆலயமும் இன்றும் உள்ளன. பாத்திமா தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போர்த்துகீசியர் கூட்டம் கூட்டமாக யாத்திரை வந்த க்ஷேத்திரம் இதுதான்.

கீழே உள்ள கரையில் துறைமுகம் கட்டப்பட்டது 1980-களில்தான். அதற்கு முன்பெல்லாம், முனை நிமிர்ந்த படகுகளை ஆட்களும் மாடுகளும் மணலில் இழுத்து ஏற்றுவதும், கரைமடி வலையை ஊரே கூடி இழுப்பதும் வழக்கம். அலை மடியும் இடத்தைத் தாண்டும்போது படகு கவிழ்ந்து கரையில் நிற்பவர்கள் கண்ணெதிரிலேயே ஆண்கள் மாண்டுபோவதும் நேர்ந்தது. ஏழு பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தும் நசரேப் பெண்களின் பழைய வழக்கத்தை வழிகாட்டிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். குளிர்காற்று வீசும் கரையில் படகு திரும்பும்வரை மணிக்கணக்காகக் காத்திருந்தவர்களின் உடை அது என்பாரும் உண்டு. கணவனை இழந்தவர்கள் ஆயுள் முழுவதும் கறுப்பே உடுத்தினார்கள். பிளந்த மத்தியையும் பிற சிறு மீன்களையும் கம்பிவலைச் சட்டங்களில் பரப்பி நசரேப் பெண்கள் உலர்த்தும் கருவாட்டை மணற்கரையில் இன்றும் காணலாம்.

நசரே மாதாவின் திருநாள் செப்டம்பர் 8; நம் வேளாங்கண்ணியின் திருநாளும் அதுவே. தேவமாதாவின் பிறந்தநாள் என்ற காரணத்தால் பொதுவாய் அமைந்த தேதிதான் என்றாலும், புயலில் அகப்பட்ட போர்த்துகீசிய மாலுமிகள் அந்த நாளில் கரை சேர்ந்து, வேளாங்கண்ணியின் ஓலைக் குடிலைக் கற்கோயிலாக்கினார்கள் என்ற ஐதிகத்தைக் கேட்டு வளர்ந்த தமிழர், அந்த மாலுமிகளின் நம்பிக்கை எத்தகைய கரையில் வேர் விட்டது என்பதை இங்கே நேரில் உணரலாம். அந்த உறவு கடற்பயணத்தோடு முடியவுமில்லை. 1554-இல் தமிழ்ச் சொற்களை ரோமன் லிபியில் கோத்து அச்சிட்ட ஞானோபதேசச் சிறு நூல் வெளிவந்ததும், இந்த வண்டிகள் புறப்படுகிற லிஸ்பனில்தான்.

இக்காலத்தில் நசரேக்கு உலகப் புகழ் தேடித் தந்தவை அதன் அலைகள். ஊருக்கு எதிரே கடலடியில், 5,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரையை நோக்கி நீண்டு வந்து பாறை முனையின் அருகே முடிகிறது. நடுக்கடலில் புயல் எழுப்பிய அலையின் ஒரு பகுதி இந்த ஆழத்தின்மேல் வேகம் குன்றாமல் ஓடிவர, மற்றொரு பகுதி பக்கத்து ஆழமில்லாத தரையில் தடைபட்டுத் திசை திரும்ப, முனையின் வடபுறத்தில் இரண்டும் சேர்ந்து ஒன்றாக எழும்பி நிற்கின்றன. 2011 நவம்பரில் காரெட் மெக்னமாரா என்ற ஹவாய் வீரர் 78 அடி அலையில் சறுக்கியதும் இந்தச் சிற்றூரின் பெயர் எங்கும் பரவிற்று. 2020 அக்டோபரில் ஜெர்மானியரான செபாஸ்டியன் ஷ்டாய்ட்னர் இங்கே 86 அடி அலையில் சறுக்கிச் சாதனை நிலைநாட்டினார். முனையிலுள்ள பழைய கோட்டையின் கலங்கரை விளக்கத்தருகே நின்றுதான் ஜனங்கள் இந்த அலைகளைப் பார்க்கிறார்கள்.

விளம்பரங்கள் சொல்லாத விஷயம் ஒன்று இங்கே உண்டு. பாத்திமாவின் பெருங்கூட்டம் மே 13 முதல் அக்டோபர் 13 வரை. நசரேயின் பேரலைக் காலமோ அக்டோபர் முதல் மார்ச் வரை. தீப ஊர்வலத்தின் காலத்தில் போகிறவர் காண்பது அமைதியான கடல். பேரலைக் காலத்தில் போகிறவர் காண்பது அடங்கிக் கிடக்கும் திருத்தலம். குளிர்காலத்திலும் பேரலை நாள்தோறும் வருவதன்று. புயல் திசையும் காற்றும் பொருந்தி வரவேண்டும்.

கடைசி ஊரான ஓபிதோஸைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1282-இல் தீனிஸ் மன்னன், பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட தன் இளம் ராணி இசபெலுக்குத் திருமணப் பரிசாக அளித்த ஊர். ஒருகாலத்தில் மதிலின் அருகுவரை கடல்நீர் வந்திருந்தது, இன்று மணல் மேவிக் கடல் பல கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. மதிலின்மேல் உட்புறம் கைப்பிடிச் சுவர் கிடையாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் ஏறாமலிருப்பதே உத்தமம். பழைய கோயில் ஒன்றே புத்தகக் கடையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய வீதியில் சாக்லேட் கிண்ணத்தில் விற்கும் செர்ரிப் பழ மதுவை விரும்புகிறவர்கள் சுவைத்துவிட்டு வண்டியேறலாம்.

தேசத்தின் அமைப்பையும் சரித்திரத்தையும் ஒரு பகலில் அறிய விரும்புகிறவர்களுக்கு இந்தச் சுற்றுப்பயணம் கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாதது. பக்தியோடு போகிறவர்களுக்கு அது போதாது. அவர்கள் லிஸ்பனிலிருந்து பேருந்தில் பாத்திமாவுக்குப் போய் ஓர் இரவு தங்கி, தீப ஊர்வலத்தில் கலந்துகொண்டு, மறுநாள் காலையில் குழந்தைகளின் வீடுகள் இருக்கும் அல்ஜுஸ்த்ரேலுக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு நசரேக்குச் செல்வதே முறை. ஒரு நாளுக்குமேல் இயலாதென்றால், ஓபிதோஸை விட்டுவிட்டுப் பாத்திமாவில் கூடுதலாக ஒரு மணி நேரம் தரக்கூடிய வண்டியைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஊரில் எவ்வளவு நேரம் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.