40 தாள்கள், 68 பக்கங்கள்: கணினியில் உங்கள் மருத்துவக் கோப்பு

மருத்துவமனைக் கோப்புகள் இக்காலத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் சேமிக்கப்படுகின்றன. பின்னாளில் நகல் கேட்டுப் பெறும் குடும்பத்தினருள் சிலர், "நாங்கள் கொடுத்தவை 40 தாள்கள், கணினியில் 68 பக்கங்கள் உள்ளனவே, வேறொருவர் கோப்பு கலந்துவிட்டதா?" என வினவுவதுண்டு. பக்கம் குறைந்துவிட்டதாக அஞ்சுவோரும் உளர். இரண்டும் நியாயமான ஐயங்களே.

நாம் எண்ணுவது தாள். கணினி எண்ணுவது பக்கம். 40 தாள்களின் இருபுறத்தையும் படமெடுத்தால் 80 பக்கங்கள் கிடைக்கும். அவற்றுள் எதுவும் எழுதப்படாத 12 பக்கங்களை மென்பொருள் நீக்கிவிட்டால் எஞ்சுவன 68. இங்கு எதுவும் தொலையவுமில்லை, கலக்கவுமில்லை. கல்ச்சர் பரிசோதனைக்கு இடைக்கால அறிக்கை முதலிலும் இறுதி அறிக்கை சில நாள் கழித்தும் வருவதுண்டு; இரண்டும் கோப்பில் இருந்தால் எண்ணிக்கை கூடும். இத்தகைய வேறுபாடுகள் கவலைக்குரியவை அல்ல.

கவலைக்குரியவை வேறு. ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள் ஒரே தாளாக ஸ்கேனருக்குள் சென்றுவிடலாம். தாளின் பின்புறம் பென்சிலால் மங்கலாக எழுதப்பட்ட குறிப்பை வெற்றுப் பக்கமெனக் கருதி மென்பொருள் நீக்கிவிடலாம். ஒருபுறம் மட்டும் ஸ்கேன் செய்யப்பட்டால் மறுபுறத்துச் செய்தி விடுபடும்.

ஒரு பக்கம் விடுபட்டால் என்ன ஆகும்? கல்ச்சர் அறிக்கையின் முதற்பக்கத்தில் கிருமியின் பெயரும், அடுத்த பக்கத்தில் அக்கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்துகளின் பட்டியலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் பக்கம் இல்லையெனில் சிகிச்சைக்கு வேண்டிய செய்தியே இல்லை. திசுப் பரிசோதனையில் முதல் அறிக்கைக்குப் பின் கூடுதல் அறிக்கை தனித்தாளில் வருவதுண்டு. புற்றுநோய்க்கான மருந்தைத் தேர்வதே அதனைப் பொறுத்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் இறுதிப் பக்கத்தில் மருந்துகளின் அளவும் மறுபரிசோதனை நாளும் இருக்கக்கூடும். புதிய மருத்துவர் தம்முன் உள்ள பக்கங்களையே படிப்பார். விடுபட்ட பக்கம் தானாக முன்வந்து சொல்லாது. "பக்கம் 2 / 3" என்று அச்சிட்டிருந்து மூன்றாம் பக்கம் இல்லாதபோதுதான் குறை வெளிப்படும்.

எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. உங்கள் தாளொன்று விடுபட்டு வேறொருவர் தாளொன்று சேர்ந்துவிட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆதலால் எண்ணிக்கையுடன் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள பெயர், வயது, மருத்துவமனை எண் ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும்.

நோயாளியும் உடனிருப்போரும் செய்யத்தக்கவை இவை:

1. கோப்பை ஒப்படைக்குமுன் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, எத்தனை தாள்கள், அவற்றுள் எத்தனை இருபுறமும் எழுதப்பட்டவை எனக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பின்களை அகற்றி, ஒட்டிய தாள்களைப் பிரித்துக் கொடுங்கள். பின்புறம் குறிப்பிருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள்.

3. இ.சி.ஜி. போன்றவை வெப்பத்தாளில் அச்சிடப்பட்டிருந்தால் நாளடைவில் மங்கும். உடனே நகலெடுத்து வையுங்கள், மூலத்தையும் பாதுகாத்திடுங்கள்.

4. நகல் பெறும்போது "பக்கம் 1 / 4" போன்ற எண்களை வரிசையாகச் சரிபாருங்கள். ஒவ்வாமைக் குறிப்பு, மருந்துப் பட்டியல், திசுப் பரிசோதனை, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றை முதலில் தேடுங்கள்.

5. குறை தென்பட்டால் மருத்துவ ஆவணப் பிரிவில் அன்றே தெரிவியுங்கள். மூலத்தாள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது மீண்டும் ஸ்கேன் செய்வது எளிது.

இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்கவும் வேண்டும். மூன்றாண்டுகள் கடந்தபின் உங்கள் கையிலுள்ள தாளே ஒரே சான்றாக எஞ்சக்கூடும். எனவே கணினியில் ஏற்றியாயிற்று என்று மூலத்தாள்களை எறிந்துவிடாதீர்கள்.

பக்கங்களை எண்ணிப் பார்ப்பது மருத்துவமனைமீது ஐயம் கொள்வதாகாது. மாத்திரையின் பெயரைப் படித்துப் பார்த்து உட்கொள்வதைப் போல அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. தயங்காமல் எண்ணுங்கள், ஐயமிருந்தால் கேளுங்கள்.